பனங்கற்கண்டும் வைரமும்: பூமியின் ஆழத்தில் நடப்பது என்ன?

அக்கா மகள் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு எழுதிய தாளைக் கொண்டுவந்து காட்டினாள். "நிலக்கரிதான் பல கோடி ஆண்டுகள் அழுத்தத்தைத் தாங்கி வைரமாகிறது" என்பது முதல் வரி. மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. இந்த ஒரு வரி மட்டும் உண்மையில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. மேடைப் பேச்சுகளிலும் காலை வணக்கச் செய்திகளிலும் இதே வரியைக் கேட்டுத்தான் நாம் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். "அப்போ வைரம் எப்படித்தான் மாமா வருது?" என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வைரத்தில் ஆரம்பித்தாலும் பேச்சு எரிமலை, கண்டங்களின் அடிவேர், தென்னைக்குப் போடும் உரம் வரைக்கும் போகும். எல்லாவற்றுக்கும் ஊற்று ஒன்றுதான்.

## நிலக்கரி ஏன் வைரமாகாது

1797-இல் ஸ்மித்ஸன் டெனன்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் வைரத்தை எரித்துப் பார்த்தார். அதே எடையுள்ள மரக்கரியை எரித்தால் எவ்வளவு வாயு வருமோ, அதே அளவு வாயுதான் வைரத்திலிருந்தும் வந்தது. வைரம் வெறும் கார்பன் என்பது அப்படித்தான் உறுதியானது. இரண்டும் கார்பன் என்றால் ஒன்று மற்றொன்றாக மாறியிருக்கும் என்று மக்கள் முடிவுகட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. குழப்பம் இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வயதைப் பார்த்தாலே விஷயம் தெளிந்துவிடும். நிலக்கரி என்பது மண்ணில் புதைந்த செடிகொடிகள். தரையில் செடிகள் வந்தே ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. இயற்கை வைரங்களில் பெரும்பாலானவை 100 கோடி முதல் 350 கோடி ஆண்டுகள் பழையவை. தாய் பிறப்பதற்கு முன்பே பிள்ளை பிறந்திருக்க முடியாது.

ஆழமும் பொருந்தாது. நெய்வேலியில் மேல்மண்ணை வெட்டி ஒதுக்கிவிட்டே பழுப்பு நிலக்கரியை எடுக்கிறார்கள். உலகின் ஆழமான நிலக்கரிப் படுகைகளும் சில கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. வைரம் உருவாவதோ பெரும்பாலும் 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில்.

## கீழே இருப்பது குழம்புக் கடல் அல்ல

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். நாம் நிற்கும் மேலோட்டுக்கு அடியில் எல்லாம் கொதிக்கும் குழம்பாக இருக்கிறது, ஓட்டை விழுந்தால் எரிமலையாகப் பீறிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாடப்புத்தகப் படங்களில் அந்தப் பகுதியைச் சிவப்பும் ஆரஞ்சுமாகத் தீட்டுவதும் ஒரு காரணம்.

பூமியின் மையம் நம் காலடியிலிருந்து 6,371 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. மேலோடு என்பது வெளித்தோல். கண்டங்களுக்கு அடியில் 30 முதல் 50 கிலோமீட்டர் தடிமன், கடலுக்கு அடியில் ஏழெட்டு கிலோமீட்டர்தான். அதற்குக் கீழே 2,890 கிலோமீட்டர் ஆழம்வரை இருப்பதுதான் கவசம். மேன்டில் என்றும் சொல்வார்கள். மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது, 12.26 கிலோமீட்டர். மேலோட்டையே அது பாதிகூடத் தாண்டவில்லை.

அந்தக் கவசம் திடமான கல். நிலநடுக்க அலைகளில் ஒரு வகை திரவத்துக்குள் போகவே போகாது. அது கவசத்துக்குள் தாராளமாகப் போய்வருகிறது. திடம் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம். கவசத்தின் மேற்பகுதியில் இருக்கும் பாறையின் பெயர் பெரிடோடைட். அதில் பாதிக்கு மேல் ஆலிவின் என்ற கனிமம், நிறம் இலைப்பச்சை. ஆகவே கவசத்துக்கு வண்ணம் தீட்டுவதானால் பச்சைதான் பொருத்தம்.

திடக்கல்தான், ஆனாலும் நகர்கிறது. கெட்டித் தாரை நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தியால் அடித்தால் கல்லைப்போல உடையும். அதையே புனலில் போட்டுப் பல ஆண்டுகள் விட்டால் சொட்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் இப்படி ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 2014 வரை ஒன்பதே சொட்டுகள் விழுந்திருக்கின்றன. கவசமும் அந்த மாதிரி, நகம் வளரும் வேகத்தில், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது.

## திடமான கல் எப்போது உருகும்?

பெரும்பாலான இடங்களில் கவசம் உருகாமல் இருக்கக் காரணம் அழுத்தம். பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறதல்லவா? அழுத்தம் கூடினால் கொதிநிலை உயர்கிறது. பாறையின் உருகுநிலையும் அப்படியே. ஆழத்தில் 1,300 டிகிரி சூட்டிலும் கல் கல்லாகவே இருக்கும். அந்தச் சூடான கல் மேலே வந்து அழுத்தம் குறைந்தால், சூடு கூடாமலே உருகத் தொடங்கும்.

இன்னொரு வழி, எதையாவது கலப்பது. குல்பி விற்பவர் பானையைச் சுற்றிப் பனிக்கட்டியோடு உப்பும் கொட்டுவார். உப்பு சேர்ந்ததும் பனிக்கட்டி பூஜ்யத்துக்குக் கீழேயே உருகும். கவசப் பாறைக்கு அந்த உப்பு, தண்ணீரும் கார்பன் டை ஆக்ஸைடும். இவை சிறிதளவு புகுந்தாலும் பாறையின் உருகுநிலை பல நூறு டிகிரி இறங்கிவிடும். அப்படி உருகிய கல்லைத்தான் பாறைக்குழம்பு அல்லது மாக்மா என்கிறோம்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. கல் முழுவதுமாக உருகுவதில்லை. சின்ன வயதில் குச்சி ஐஸ் சாப்பிட்டவர்களுக்கு இது நன்றாகப் புரியும். வாயில் வைத்து உறிஞ்சினால் முதலில் வருவது நிறமும் இனிப்பும் சேர்ந்த பாகு. கையில் மிஞ்சுவது வெளுத்துப்போன வெறும் ஐஸ். முதல் உறிஞ்சலில் இனிப்பு ஏராளம். ஐஸ் முழுவதையும் உருக்கிக் குடித்தால் தண்ணீர் கலந்து சாதாரணச் சுவைதான். பாறையில் நடக்கும் இதற்குப் பெயர் பகுதி உருகல். நூற்றில் பத்துப் பங்கு உருகினால் கிடைப்பது, கடலடி முழுக்கப் பரவிக் கிடக்கும் சாதாரண பசால்ட் குழம்பு. நூற்றில் ஒரு பங்குகூட உருகாமல், அந்த முதல் உறிஞ்சல் மட்டும் பிரிந்து வந்தால் விசித்திரமான குழம்புகள் பிறக்கின்றன.

அந்த முதல் உறிஞ்சலில் சேர்பவை எவை? நெரிசலான பஸ்ஸில் பெரிய மூட்டையோடு இடுக்கி நிற்பவர், கதவு திறந்ததும் முதலில் இறங்கிவிடுவார். ஆலிவின் போன்ற கனிமங்களின் அணு அடுக்கில் சில தனிமங்களுக்கு அளவான இடம் கிடையாது. நியோபியம், சீரியம், நியோடிமியம் எல்லாம் அந்த ரகம். ஒவ்வாத் தனிமங்கள் என்று இவற்றைச் சொல்லலாம். கல் துளி உருகியதும் இவைதான் முதலில் குழம்புக்குள் தாவுகின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கவசம் மெல்ல நகரும் திடக்கல். அழுத்தம் குறைந்தாலோ, தண்ணீரும் கார்பனும் சேர்ந்தாலோ அதில் கொஞ்சம் உருகும். குறைவாக உருகினால் அரிய சரக்கு செறிவாக வரும்.

## வைரம் விளையும் விதம்

இப்போது பனங்கற்கண்டுக்கு வருவோம். பதநீரைப் பாகு பதத்துக்குக் காய்ச்சிப் பானையில் ஊற்றி, உள்ளே நூலைக் கட்டித் தொங்கவிட்டு, அசைக்காமல் ஏறக்குறைய 40 நாள் வைத்திருப்பார்கள். திறந்து பார்த்தால் நூலைப் பற்றிக்கொண்டு கட்டி கட்டியாகக் கற்கண்டு விளைந்திருக்கும். யாரும் சர்க்கரையை நசுக்கிக் கற்கண்டு செய்யவில்லை. பாகில் கரைந்திருந்த இனிப்பு, தன்னைத் தானே அடுக்கிக்கொண்டு படிகமாக வளர்ந்திருக்கிறது.

வைரமும் இப்படித்தான் வருகிறது. கவசப் பாறையின் மயிரிழை இடுக்குகளில் கார்பன் கலந்த திரவங்கள் ஊர்ந்துபோகின்றன. கார்பன் டை ஆக்ஸைடாகவோ, கார்பனேட் (சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கார்பன் சேர்மம்) கலந்த குழம்பாகவோ, மீத்தேனாகவோ அந்தக் கார்பன் பயணிக்கிறது. வழியில் வேறு தன்மையுள்ள பாறையைச் சந்திக்கும்போது, அந்தப் பாறை கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து ஆக்ஸிஜனைப் பறித்துக்கொள்கிறது. கார்பன் தனித்துவிடப்படுகிறது. அணு அணுவாக ஒட்டி வைரப் படிகம் வளர்கிறது.

அப்படியானால் அழுத்தத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. தனித்துவிடப்பட்ட கார்பன் எந்த உருவத்தில் அடுக்கிக்கொள்ள வேண்டும் என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. குறைந்த அழுத்தத்தில் கார்பனுக்கு வசதியான உருவம் கிராபைட், அதாவது பென்சிலின் நடுவே இருக்கும் கருப்புப் பொருள். ஏறத்தாழ 45,000 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல், 900 முதல் 1,300 டிகிரி சூட்டில், வைரம் என்ற நெருக்கமான அடுக்கு வசதியாகிவிடுகிறது. ஆக, அழுத்தம் வைரத்துக்கு அச்சு. சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பது திரவம்.

மனிதன் செய்த வைரங்களும் இதற்குச் சாட்சி. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டிரேசி ஹால் செயற்கை வைரத்தை உருவாக்கினார். அவர் கார்பனைச் சூடாக்கி நசுக்கியதோடு நிற்கவில்லை. இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருளையும் உடன் வைத்தார். உருகிய இரும்பு கார்பனைக் கரைத்து வைரமாகப் படிய வழிசெய்தது. இன்றைக்குச் சூரத்தில் தயாராகும் ஆய்வக வைரங்களில் பெரும்பகுதி இன்னும் வியப்பானது. மீத்தேன் வாயுவைக் கொதிக்கும் மின்மப் புகையாக்கி (பிளாஸ்மா என்பார்கள்), அதிலிருந்து கார்பனை அடுக்கடுக்காகப் படியவைக்கிறார்கள். அந்தக் கூண்டுக்குள் இருக்கும் அழுத்தம், நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. வைரத்துக்கு உயிர் அழுத்தம்தான் என்று இனியும் சொல்ல முடியுமா?

இதில் என்னை மிகவும் கவர்ந்தது 2016-இல் வெளிவந்த ஒரு கண்டுபிடிப்பு. 1905-இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரம் 3,106 காரட், அதாவது 621 கிராம். இவ்வளவு பெரிய, களங்கமற்ற வைரங்கள் மட்டும் எப்படி வந்தன என்பது நெடுநாள் புதிர். அந்த வகை வைரங்களுக்குள் சிக்கியிருந்த நுண்துகள்களை ஆராய்ந்தபோது, உறைந்துபோன இரும்பு-நிக்கல் குழம்பின் துளிகள் கிடைத்தன. 360 கிலோமீட்டருக்கும் கீழே, உருகிய உலோகத்துக்குள் அவை வளர்ந்திருக்கின்றன. டிரேசி ஹால் எந்திரத்தில் செய்ததையேதான் பூமி பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்திருக்கிறது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சில வைரங்களின் கார்பன் உண்மையிலேயே பூமியின் மேற்பரப்பிலிருந்து போனது. கடலடித் தட்டுகள் கண்டங்களுக்கு அடியில் சரிந்து கவசத்துக்குள் இறங்குகின்றன. கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் சுண்ணப் படிவுகளும் அவற்றோடு சேர்ந்தே போகின்றன. அந்தக் கார்பனின் தனி அடையாளத்தைச் சில வைரங்களில் காணமுடிகிறது. ஆனால் அது நிலக்கரி அல்ல, கடலடிச் சேறு.

## கண்டங்களின் வைரம் பாய்ந்த கட்டை

பழைய தேக்கை அறுத்தால் நடுவில் கறுத்து இறுகிய பகுதி இருக்கும். வைரம் பாய்ந்த கட்டை என்போம். கண்டங்களுக்கும் அப்படி ஒரு பகுதி உண்டு. 250 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய மாற்றம் இல்லாமல் நிற்கும் அந்தப் பழைய நிலப்பகுதிகளைக் கிரேட்டான் என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் காப்வால், கர்நாடகத்தை மையமாகக் கொண்ட தார்வார் இரண்டும் கிரேட்டான்கள்.

கிரேட்டானின் சிறப்பு அதன் வேர். மற்ற இடங்களைவிட ஆழமாக, 200 கிலோமீட்டருக்கும் மேல் கவசத்துக்குள் இறங்கியிருக்கும். அந்த வேர் குளிர்ந்தது. குளிர்ந்தது என்றால் அந்த ஆழத்துக்குக் குளிர்ந்தது. வேறு இடங்களில் அதே ஆழத்தில் சூடு மிகுந்துவிடும். சூடு கூடினால் வைரம் நிலைப்பதற்கு அழுத்தமும் கூடுதலாக வேண்டும். அந்த ஆழத்தில் கிரேட்டானின் வேரில் மட்டும் சூடும் அழுத்தமும் தோதாக அமைகின்றன. விளைந்த வைரம் நூறு கோடி ஆண்டுகள் ஆனாலும் கலையாமல் கிடக்கும் பரண் அது. எந்த நாட்டில் வைரம் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதைப் பெரும்பாலும் இந்த வேர்தான் தீர்மானிக்கிறது.

## கோலி சோடா வேகத்தில் ஒரு பயணம்

விளைந்தாயிற்று. 150 கிலோமீட்டர் மேலே எப்படி வருவது?

மெதுவாக வந்தால் காரியம் கெட்டுவிடும். மொராக்கோவில் பெனி பூசேரா என்ற இடத்தில் கவசப் பாறையின் ஒரு துண்டே மலையாக மேலே வந்திருக்கிறது. அதில் எண்முகப் படிகங்கள் இருக்கின்றன, அச்சு அசலாக வைரத்தின் வடிவம். ஆனால் முழுக்கக் கிராபைட். பொறுமையாக மேலேறியதால், சூடு தணியும் முன்பே அழுத்தம் குறைந்து, வைரங்கள் எல்லாம் பென்சில் கரியாகிவிட்டன. வடிவம் மட்டும் மிஞ்சியது. பொறுமையால் வைரம் வரும் என்று சொல்பவர்களுக்கு இந்த மலையைக் காட்டத் தோன்றும்.

வைரத்தைக் காப்பாற்றி மேலே கொண்டுவருவது கிம்பர்லைட் என்ற விசித்திரக் குழம்பு. கவசத்தில் மிகக் குறைவாக உருகி, கார்பன் டை ஆக்ஸைடும் நீரும் நிறையக் கரைந்த குழம்பு அது. கோலி சோடா பாட்டில் மூடியிருக்கும்போது உள்ளே குமிழி தெரியாது. வாயு கரைந்தே இருக்கும். கோலியை அமுக்கியதும் பொங்கும். கிம்பர்லைட்டும் மேலேற ஏற அழுத்தம் குறைந்து நுரைக்கிறது. அதுமட்டுமல்ல. உப்புப் போட்ட எலுமிச்சை சோடா கலக்கும்போது பார்த்திருப்பீர்கள், உப்பு விழுந்த நொடியில் சோடா கிளாஸைத் தாண்டிப் பொங்கும். கிம்பர்லைட் வரும் வழியில் பாறைத் துண்டுகளைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. அவற்றிலிருக்கும் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், குழம்பில் கரையக் கரைய, கார்பன் டை ஆக்ஸைடை வைத்துக்கொள்ளும் சக்தியைக் குழம்பு இழக்கிறது. வாயு வெளியேறுகிறது, குழம்பு இலேசாகிறது, வேகம் கூடுகிறது. இப்படி நடப்பதாக 2012-இல் சோதனைகளோடு விளக்கினார்கள்.

வேகம் எவ்வளவு? நொடிக்குச் சில மீட்டரிலிருந்து இருபது மீட்டர்வரை என்று மதிப்பிடுகிறார்கள். சைக்கிளில் தொடங்கி நெடுஞ்சாலையில் ஓடும் பஸ் வேகம் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். 200 கிலோமீட்டரைச் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒன்றிரண்டு நாளில் கடந்துவிடும். வைரத்துக்குக் கிராபைட்டாக மாற அவகாசமே இல்லை. தரையை நெருங்கும்போது வெடித்துப் புனல் வடிவத்தில் ஒரு குழாயைத் தோண்டிவிடுகிறது.

இப்படி ஒரு வெடிப்பை மனிதர்கள் யாரும் பார்த்து எழுதிவைத்ததில்லை. தெரிந்தவற்றில் மிக இளையவை தான்சானியாவின் இக்விசி குன்றுகள். அவற்றுக்கே 12,000 ஆண்டுகள் ஆகிவிட்டன. பெரும்பாலான கிம்பர்லைட்டுகள் டைனோசர் காலத்தவை, அல்லது அதற்கும் முந்தியவை. பெருங்கண்டங்கள் பிளந்து ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் கழித்து இந்த வெடிப்புகள் கூட்டமாக நிகழ்ந்திருப்பதை 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது.

## வண்டி வேறு, பயணி வேறு

கிம்பர்லைட்டில் வைரம் கிடைப்பதால், கிம்பர்லைட்தான் வைரத்தைப் பெற்றெடுத்தது என்று நிபுணர்களே பலகாலம் நம்பினார்கள். 1984-இல் ஸ்டீபன் ரிச்சர்ட்சன் குழுவினர் தென்னாப்பிரிக்க வைரங்களுக்குள் சிக்கியிருந்த கார்னெட் என்ற கனிமத் துகள்களின் வயதைக் கணக்கிட்டார்கள். 300 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வந்தது. அவற்றைச் சுமந்து வந்த கிம்பர்லைட்டுக்கோ சுமார் 9 கோடி ஆண்டுகள்தான். பஸ் நிலையத்தில் இறங்கியவரைப் பார்த்து, இவர் பஸ்ஸிலேயே பிறந்தவர் என்று சொல்ல முடியாதல்லவா?

வண்டி காலியாகவும் வரலாம். உலகில் ஆயிரக்கணக்கான கிம்பர்லைட்டுகள் தெரியவந்துள்ளன. வெட்டி எடுக்கக் கட்டுபடியாகும் அளவு வைரம் உள்ளவை மிகச் சில. அந்த நல்ல சுரங்கங்களிலும் ஒரு டன் பாறைக்கு ஒரு காரட், அதாவது 0.2 கிராம் கிடைத்தாலே பெரிது.

நகை வியாபாரிக்குக் குறையாகத் தெரியும் அந்த உள்துகள்கள்தான் ஆய்வாளருக்குப் புதையல். பிரேசிலின் ஜுயினாவில் கிடைத்த, நகைக்குத் தேறாத ஒரு பழுப்பு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத் துகள் இருந்ததை 2014-இல் அறிவித்தார்கள். 500 கிலோமீட்டருக்கும் கீழேதான் அந்தக் கனிமம் இயற்கையாக இருக்கும். அதன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர்! கல்லின் அணு அடுக்குக்குள் பூட்டிக் கிடக்கும் தண்ணீர். 12 கிலோமீட்டருக்குமேல் துளைபோட முடியாத நமக்கு, இவ்வளவு ஆழத்திலிருந்து வரும் ஒரே தபால் வைரம்தான். அது நகையாவதைவிட இதற்காகத்தான் எனக்கு மதிப்புக்குரியதாகத் தெரிகிறது.

கிம்பர்லைட் என்ற பெயர் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி ஊரிலிருந்து வந்தது. 1871-இல் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். மேலே மஞ்சள் மண், அதற்குக் கீழே கெட்டியான நீலக் கல். நீலம் வந்ததும் வைரம் தீர்ந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். உண்மையில் மஞ்சள் மண் என்பது அதே நீலக் கல் வெயிலிலும் மழையிலும் மக்கியதுதான். 1914-இல் மூடும்வரை அந்தக் குழியிலிருந்து 2,720 கிலோ வைரம் எடுத்தார்கள்.

அதற்கு முன்பு, 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை, உலகத்துக்கு வைரம் அனுப்பியது பெரும்பாலும் இந்தியாதான். கிருஷ்ணா ஆற்றங்கரையின் கொல்லூர் போன்ற இடங்களில், ஆறு அடித்துவந்த சரளைக் கற்களிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் வஜ்ரகரூர் பக்கம் இருக்கும் கிம்பர்லைட் குழாய்களுக்கு 110 கோடி ஆண்டு வயது. அவற்றின் மேற்பகுதி எப்போதோ அரித்துப் போய்விட்டது. இன்றும் ராயலசீமையில் முதல் மழை பெய்ததும் ஊர்மக்கள் காடுகழனிகளில் குனிந்து வைரம் தேடுகிறார்கள். சிலருக்குக் கிடைத்தும் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்: வைரம் விளைவது பெரும்பாலும் கிரேட்டானின் வேரில், திரவத்திலிருந்து. மேலே வருவது மிகப் பின்னால், வாயு நிறைந்த கிம்பர்லைட்டில், மிக வேகமாக.

## கருப்பாக வந்து வெளுக்கும் எரிமலைக்குழம்பு

வைரம் ஒரு பக்கம் இருக்கட்டும். குச்சி ஐஸின் முதல் உறிஞ்சலுக்குத் திரும்புவோம். கார்பன் மிகுந்த கவசப் பாறையில் இம்மியளவு உருகினால், சிலிக்கா குறைந்து கார்பனேட் மிகுந்த குழம்பு பிறக்கலாம். அது உறைந்த பாறைக்குப் பெயர் கார்பனடைட். பார்க்கச் சுண்ணாம்புக்கல் மாதிரியே இருக்கும். அதனாலேயே, இது ஆழத்திலிருந்து வந்ததல்ல, சூடுபட்ட சுண்ணாம்புக்கல்தான் என்று ஒரு தரப்பு நீண்டகாலம் வாதாடியது.

வாதத்தைத் தீர்த்துவைத்தது தான்சானியாவின் ஓல் டோயினியோ லெங்காய். மசாய் மக்கள் மொழியில் கடவுளின் மலை. 1960-களின் தொடக்கத்தில் அதன் வாயில் ஓடிக்கொண்டிருந்த குழம்பை ஆராய்ந்து, அது கார்பனேட் என்று உறுதிசெய்தார்கள். வழக்கமான எரிமலைக்குழம்பு 1,100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். இது 500 முதல் 600 டிகிரிதான். பழைய எஞ்சின் ஆயிலைப்போலக் கருப்பாக, தண்ணியாக ஓடும். காற்றின் ஈரம் பட்டதும் சில நாளில் வெளுத்துவிடும். இன்று உலகில் கார்பனேட் குழம்பைக் கக்கும் எரிமலை இது ஒன்றே.

ஒவ்வாத் தனிமங்கள் இந்தக் குழம்பில் குவிகின்றன. சீனாவின் பயன் ஓபோ, அமெரிக்காவின் மவுண்டன் பாஸ் ஆகிய அருமண் சுரங்கங்கள் கார்பனடைட்டோடு தொடர்புடையவை. அருமண் என்பது நியோடிமியம் முதலான 17 தனிமங்களின் கூட்டம். ஹெட்போனிலும் மின்சார வண்டிகளின் மோட்டாரிலும் இருக்கும் வலுவான காந்தத்துக்கு அதுதான் சரக்கு. உலகின் நியோபியத்தில் பெரும்பகுதி பிரேசிலின் அராஷா என்ற ஒரே கார்பனடைட்டிலிருந்து வருகிறது. எஃகுக்கு உறுதி கூட்டவும், ஸ்கேன் எந்திரங்களின் காந்தச் சுருளுக்கும் அது வேண்டும்.

நிறைய உருகிய குழம்பும் தாது தரும், வழிதான் வேறு. பெரிய குழம்புத் தேக்கம் ஆறும்போது கனமான படிகங்கள் அடியில் வண்டல்போலப் படியும். தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டில் குரோமியமும் பிளாட்டினமும் அப்படிச் சேர்ந்தவை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலும் மெல்லிய குரோமைட் பட்டைகள் உண்டு. நிலவின் மேடுகளில் இருக்கும் கல்லை ஒத்திருப்பதால், சந்திரயான்-2 சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ அந்தப் பகுதிக் கல்லை அரைத்துத்தான் செய்தது.

கார்பனடைட்டும் நமக்குத் தூரமில்லை. ஒகேனக்கல்லில் இருப்பது சுமார் 240 கோடி ஆண்டுகள் பழையது. திருப்பத்தூர் அருகே சேவத்தூரில் இருப்பது 70 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு வெர்மிகுலைட் தெரியும். தொட்டி மண்ணில் ஈரம் தங்குவதற்காகக் கலக்கும், அப்பளம்போலப் பொரிந்த, பொன்னிறத் துகள். சேவத்தூரில் அதை வெட்டி எடுக்கிறார்கள். கார்பனடைட்டை ஒட்டிய பாறையிலிருந்த மைக்கா, தண்ணீர் பட்டு மாறியதால் வந்த கனிமம் அது.

இலங்கையில் அனுராதபுரம் மாவட்டத்து எப்பாவலவிலும் ஒரு கார்பனடைட் இருக்கிறது. 1971-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். கார்பனேட்டைக் காலங்காலமாகப் பெய்த மழை கரைத்துக்கொண்டு போய்விட்டது. கரையாத அபடைட் என்ற பாஸ்பேட் கனிமம் மட்டும் மேலே குவிந்து நிற்கிறது. அதைப் பொடித்து உரமாகப் போடுகிறார்கள். நெல்லுக்குச் சரிப்படாது, அது மெதுவாகத்தான் கரையும். பல ஆண்டுகள் நின்று உறிஞ்சும் தென்னைக்கும் தேயிலைக்கும் ரப்பருக்கும் போடுகிறார்கள்.